ஆடும் ஸ்பிண்டில்: சாவியைக் கையில் எடுக்கும் முன்

கோவை கணபதியில் ஒரு பட்டறையில் நாற்பது வருடம் லேத்தும் மில்லிங்கும் ஓட்டியவன் நான். வேலையை விட்ட பிறகு வீட்டுத் திண்ணைக்குச் சின்னச் சின்ன சிஎன்சி மெஷின்கள் வரத் தொடங்கின. கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள், பெயர்ப்பலகை செதுக்குகிறவர்கள் கொண்டுவருகிறார்கள், வீட்டில் இருந்தே மரத்தில் பூவேலை செய்து விற்கும் ஒரு பெண் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பெரும்பாலும் ஒரே புகார்தான்: "ஐயா, ஸ்பிண்டில் ஆடுதுங்க. எவ்வளவு டைட் பண்ணினாலும் நிக்க மாட்டேங்குது."

அவர்களிடம் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். 3018 வகை மெஷினை மனதில் வைத்துச் சொல்கிறேன். அது 300க்கு 180 மி.மீ. பரப்பில் வேலை செய்வதால் அந்தப் பெயர். அதைவிடப் பெரிய மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான்.

1. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை எந்தப் போல்ட்டையும் முறுக்காதீர்கள்.

ஸ்பிண்டில் மூக்கைப் பிடித்து அசைக்கிறீர்கள், ஆடுகிறது. அதற்குப் பக்கத்தில் கண்ணில் படுவது கிளாம்ப். உடனே கை ஆலன் கீயைத் தேடுகிறது. அங்கேதான் தவறு தொடங்குகிறது. கட்டர் முனையில் இருந்து மெஷினின் படுக்கை வரை எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள். கட்டர் காலெட்டில், காலெட் தண்டில், தண்டு பேரிங்கில், ஸ்பிண்டில் உடல் கிளாம்பில், கிளாம்ப் இசட் தட்டில், தட்டு எக்ஸ் வண்டியில், வண்டி குறுக்குச் சட்டத்தில், சட்டம் இரண்டு பக்கத் தூண்களில். இதில் எது தளர்ந்தாலும் மூக்கில்தான் தெரியும். கீல் தளர்ந்த கதவு பூட்டுப் பக்கம் தொங்குகிற மாதிரி. பூட்டை மாற்றி அந்தக் கதவை யாரும் நிமிர்த்த முடியாது.

கணக்காகவும் பாருங்கள். 40 மி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு பேரிங்கில் வெறும் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலும், அங்கிருந்து 80 மி.மீ. கீழே இருக்கும் கட்டர் முனையில் அது 0.1 மி.மீ.யைத் தாண்டிவிடும். மேலே இருக்கும் சின்னக் குறை கீழே பெரிதாகத்தான் தெரியும்.

2. ஸ்பிண்டில் ஒயரைக் கழற்றுங்கள், பிட்டைக் கழற்றுங்கள். ஆனால் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு மின்சாரம் இருக்கட்டும்.

மெஷினை முழுதாக அணைத்துவிட்டு அசைத்தால் மோட்டார்கள் பிடியை விட்டிருக்கும். வண்டி நகர்வதைப் பார்த்து ஸ்பிண்டில் ஆடுகிறது என்று நினைத்துவிடுவீர்கள். ஜிஆர்பிஎல் ஓடும் மெஷினில் $1 என்ற அமைப்பு வழக்கமாக 25 என்று இருக்கும். அதாவது நின்ற 25 மில்லிவினாடியில் மோட்டார் பிடியை விட்டுவிடும். சோதிக்கும் நேரத்துக்கு அதை $1=255 என்று மாற்றி, ஒவ்வொரு அச்சையும் ஒரு மி.மீ. நகர்த்துங்கள். அதற்குப் பிறகு மோட்டார்கள் இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

விஎஃப்டி வைத்த பெரிய ஸ்பிண்டில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சுவிட்சை அணைத்த பிறகும் அந்தப் பெட்டிக்குள் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் சில நிமிடம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டி மேலேயே எழுதியிருப்பார்கள். அதுவரை அதன் ஒயரைத் தொடாதீர்கள்.

3. விரலை நம்புங்கள்.

ஒரு கையால் ஸ்பிண்டில் மூக்கை முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுனியை ஒரு இணைப்பின் மேல் வையுங்கள்: பாதி நுனி ஒரு பாகத்தில், மறு பாதி அடுத்த பாகத்தில். இரண்டும் சேர்ந்து அசைந்தால் அந்த இணைப்பு நல்லது. ஒன்று நின்று மற்றது நகர்ந்தால் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு வரும். கீழே இருந்து மேலே ஒவ்வொன்றாகப் போங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். என் குருநாதர் கண்ணை மூடிக்கொண்டுதான் இதைச் செய்வார். நானும் அப்படித்தான் கற்றேன்.

4. அது ஆட்டமா, வளைவா என்று பிரித்துப் பாருங்கள்.

இந்த நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அவசரப்படாமல் படியுங்கள்.

0.01 மி.மீ. காட்டும் சாதாரண டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பிட்டுகள் வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது இதை வாங்குங்கள். அலுமினியப் படுக்கையில் காந்தம் ஒட்டாது. ஒரு இரும்புத் தகட்டைப் படுக்கையில் கிளாம்ப் செய்து அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். டயல் முனை ஸ்பிண்டில் மூக்கைத் தொடட்டும். முள்ளை பூஜ்யத்தில் வையுங்கள். பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசை ஒரு கயிற்றால் மூக்கில் மாட்டி, 2 கிலோ காட்டும்வரை பக்கவாட்டில் இழுங்கள். முள் எவ்வளவு போனது என்று குறித்துக்கொண்டு மெல்ல விடுங்கள்.

முள் திரும்ப பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா? அப்படியானால் அது வளைவு. உலோகமோ பிளாஸ்டிக்கோ வில் மாதிரி வளைந்து நிமிர்ந்திருக்கிறது. வராமல் வழியிலேயே நின்றுவிட்டதா? அது ஆட்டம். ஏதோ ஒன்று வழுக்கியிருக்கிறது அல்லது இடைவெளி இருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கம் இழுத்து விடுங்கள். இரண்டு முறையும் முள் ஓய்ந்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் உங்கள் ஆட்டத்தின் அளவு.

ஆட்டத்தைச் சாவி தீர்க்கும். வளைவைச் சாவி தீர்க்காது. வளைவை முறுக்கித் தீர்க்கப் பார்த்து மரையைத் தின்று, கிளாம்பைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்த பிள்ளைகள் நிறைய. 3018 மாதிரி மெல்லிய மெஷின் கொஞ்சம் வளையத்தான் செய்யும். அதற்கு மருந்து வேறு: ஆழத்தைக் குறைத்து வெட்டுவது, பிட்டைக் காலெட்டுக்கு வெளியே குறைவாக நீட்டுவது. நீட்டிய நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு நூல்கூட நீட்ட வேண்டாம்.

ஆட்டம் என்று தெரிந்துவிட்டால் டயலை மேலே மேலே ஏற்றுங்கள். மூக்கில், கிளாம்பில், இசட் தட்டில், எக்ஸ் வண்டியில், குறுக்குச் சட்டத்தில். ஒவ்வொரு இடத்திலும் அதே 2 கிலோ. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஆட்டம் திடீரென்று குறைகிறதோ, குற்றவாளி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சரி செய்த பிறகு ஒப்பிட அது வேண்டும்.

5. கிளாம்ப் வாயைப் பாருங்கள்.

குற்றம் கிளாம்பில்தான் என்று டயல் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டை இறுக்கிய நிலையிலேயே பிளவை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு காதுகளுக்கும் நடுவே இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். காது காதோடு முட்டிவிட்டால் அதற்குமேல் நீங்கள் போடும் பலமெல்லாம் காதுகளை ஒன்றோடொன்று அழுத்தத்தான் போகிறது. ஸ்பிண்டிலை அது தொடுவதே இல்லை. "எவ்வளவு டைட் பண்ணினாலும் நிக்கலை" என்பதற்கு நான் கண்ட காரணங்களில் இதற்குத்தான் முதலிடம்.

காரணம் எளிது. வாய் பெரிது, உடல் சிறிது. 775 மோட்டாருக்கான வாய் சுமார் 45 மி.மீ., 300 முதல் 500 வாட் ஸ்பிண்டில்களுக்கு 52, மகீட்டா வகை கை ரௌட்டருக்கு 65, 1.5 அல்லது 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு 80. பெயரளவில் இப்படி. வெர்னியர் வைத்துப் பார்த்தால் கூடக்குறைய இருக்கும். மோட்டாரின் உடலை மேலும் கீழும் நடுவிலும் அளந்துகொள்ளுங்கள்.

முதலில் இரண்டு பரப்பையும் துடையுங்கள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்த பசை வழுக்கும். உலோகக் கிளாம்ப் என்றால் தின்னர் போதும். பிளாஸ்டிக் என்றால் தின்னர் கூடாது, கரைத்துவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் போடுங்கள். வாய்க்குள் பிசிறு இருந்தால் நைஸ் எமரியால் நீவுங்கள்.

பிறகும் வாய் பெரிதாக இருந்தால் ஷிம் வையுங்கள். குளிர்பான அலுமினியக் கேனை வெட்டினால் கிடைக்கும் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். இதற்கு அதுவே நல்ல பொருள். ஓரங்களை அரத்தில் நீவி, உடலைச் சுற்றி ஒரே ஒரு சுற்று வையுங்கள். ஓரம் ஓரத்தின் மேல் ஏறக் கூடாது. தகட்டின் இரண்டு முனையும் பிளவுக்கு நேராக வந்து முடியட்டும். ரப்பர், அட்டை, இன்சுலேஷன் டேப் இவை வேண்டாம். இன்று இறுக்கமாக இருக்கும், சூட்டிலும் அதிர்விலும் நசுங்கி நாளை தளரும். மெல்லிய காகிதம் ஒரு சுற்று மட்டும் விதிவிலக்கு. வழுவழுப்பான இரண்டு உலோகத்துக்கு நடுவே அது பிடிப்பைக் கூட்டும். மில்லிங்கில் வேலைப்பொருளின் அடியில் காகிதம் வைத்து இறுக்குவது பழைய பழக்கம்தான்.

ஸ்பிண்டிலைத் திரும்ப வைக்கும்போது எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே ஏற்றி, கிளாம்ப் மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கும்படி வையுங்கள். தூக்குவாளியின் கைப்பிடியைத் தூரத்தில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும் அல்லவா, அதே சங்கதி.

6. இசட் தட்டோடு கிளாம்பைச் சேர்க்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

அலுமினியத்தில் மரை போட்டிருந்தால், போல்ட் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். எம்5 என்றால் ஏழரை மி.மீ. மூன்று நான்கு மரையில் தொங்கிக்கொண்டிருக்கும் போல்ட்டை முறுக்கினால் அலுமினியத் தூளோடு வெளியே வந்துவிடும். நீளமான போல்ட் போடுங்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. துளை மறுபக்கம் வராத குருட்டுத் துளையாக இருந்து, போல்ட் நீளம் கூடிப்போனால், நுனி அடியில் முட்டி நின்றுவிடும். சாவிக்கு இறுகியது போலத் தெரியும், தலைக்கும் கிளாம்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். போல்ட் தலைக்குக் கீழே ஒரு துண்டு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் போல்ட் நீளம். ஒரு வாஷர் சேர்த்தால் தீர்ந்தது.

சட்டத்தின் பள்ளத்தில் போடும் டி-நட் சில சமயம் முழுதாகத் திரும்பாமல் ஓரத்தில் மட்டும் கவ்விக்கொண்டிருக்கும். அதுவும் இறுகியது போலவே கைக்குத் தெரியும். சட்டத்தின் முனைப் பக்கம் இருந்து டார்ச் அடித்து, நட் குறுக்காகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் தளராது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பட்டறையில் எங்களுக்கும் அது வெகுகாலம் இருந்தது. ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனை செய்தே காட்டினார்: போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்காக வரும் அசைவுதான் மரையைத் தானாகச் சுழற்றித் தளர்த்துகிறது. ஸ்பிண்டில் கிளாம்புக்கு வருவது முழுக்கக் குறுக்கசைவு. ஆகவே, இரண்டு பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காத அளவுக்கு இறுக்கம் வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றக் காப்பெல்லாம். உலோகத்தில் உலோகம் என்றால் லாக்டைட் 243 நீல நிறத்தது ஒரு சொட்டுப் போதும், சாவி வைத்தால் கழலவும் செய்யும். ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் அது பட்டால் விரிசல் விடும். அங்கே நைலாக் நட் போடுங்கள்.

இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. 8.8 என்று தலையில் பொறித்த எம்4 போல்ட்டுக்கு 3 நியூட்டன் மீட்டர், எம்5க்கு 5 முதல் 6. இது எஃகு நட்டுக்கான கணக்கு. அலுமினிய மரைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்குக்கு இதெல்லாம் பொருந்தாது. நான்கு போல்ட் இருந்தால் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். மரை போய்விட்ட துளைக்கு எம்-சீல் அப்பிச் சமாளிக்க வேண்டாம். ஹெலிகாயில் போடுங்கள், அல்லது துளையை மறுபக்கம் கடத்தி நட் போடுங்கள்.

7. பிளாஸ்டிக் மவுண்ட் என்றால் காதின் அடியைப் பாருங்கள்.

காது உடலோடு சேரும் மூலையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் பிறப்பு. பெவிக்விக் ஊற்றி அன்றைய வேலையை முடிக்கலாம், நம்பி ஓட்ட முடியாது. அலுமினிய மவுண்ட் வாங்கி மாட்டுங்கள். 3டி பிரிண்டரில் நீங்களே செய்வதானால் பிஎல்ஏ வேண்டாம். 60 டிகிரிக்குப் பக்கத்தில் அது இளகத் தொடங்கும், இந்த மோட்டார்களின் உடல் நெடுநேரம் ஓடினால் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். சூடே இல்லாவிட்டாலும், இறுக்கத்தில் நாளெல்லாம் இருந்தால் அது மெல்ல மெல்லக் கொடுத்துவிடும் பொருள்.

8. நெரிக்காதீர்கள்.

சில வருடம் முன்பு ஒரு கோயில் வேலைக்குத் தேக்குப் பலகையில் யாளி வரிசை செதுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பிண்டில் கீழே வழுக்கியது. மேல்நோக்கித் தூளை வாரும் சுருள் பிட் தன்னைத் தானே கீழே இழுக்கும், அதுதான் காரணம். நான் கிளாம்பை விட்டத்துக்கு அளந்து பார்க்காமல், நீளமான குழாயைச் சாவியில் மாட்டி இறுக்கினேன். வழுக்கல் நின்றது. ஒரு மணி நேரத்தில் ஸ்பிண்டில் மூக்கில் கை வைக்க முடியவில்லை. உடல் மெல்லிய குழாய்தான். நான் நெரித்த நெரிப்பில் அது நீள்வட்டமாகி, உள்ளே இருந்த பேரிங்கைக் கவ்விவிட்டது. ஸ்பிண்டில் போனது, யாளியின் கழுத்தில் ஆழமாக விழுந்த வெட்டில் பலகையும் போனது. அந்தப் பலகையை இன்றும் வைத்திருக்கிறேன், வருகிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

கிளாம்பை இறுக்கிய பிறகு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கும் முன் சுற்றியது போலவே சுற்ற வேண்டும். கொஞ்சம் கனத்தாலும் நெரிப்பு அதிகம். அளவைச் சரிசெய்யுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

9. காலெட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

775 மோட்டாரில் ஈஆர்11 காலெட் நீட்டுத்தண்டை இரண்டு தலையில்லாத் திருகுகள்தான் பிடித்திருக்கும். அவை தளர்ந்தால் பிட் முனை தலையாட்டும், மவுண்ட் பேரில் பழி விழும். காலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து "டக்" என்று உட்காரவைத்து, பிறகு பிட்டைச் செருகி, அப்புறம் மாட்டுங்கள். நம் ஆசாரிகள் ஒரு நூல் என்று சொல்லும் எட்டில் ஒரு அங்குலம், 3.175 மி.மீ. தண்டுள்ள பிட்டை 3 மி.மீ. காலெட்டில் திணிக்காதீர்கள்.

10. குற்றம் கிளாம்புக்கு மேலே இருந்தால்:

வி-சக்கரம் உள்ள மெஷினில் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு மையம் விலகிய நட் இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் சட்டத்தை நெருங்கும். வண்டியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை விரலால் திருப்பினால் கொஞ்சம் எதிர்ப்போடு வழுக்கித் திரும்ப வேண்டும். அதுதான் அளவு. அதற்குமேல் இறுக்கினால் சக்கரம் தட்டையாகத் தேயும். 3018இல் சக்கரம் கிடையாது, எஃகுத் தண்டும் நேர்கோட்டுப் பேரிங்கும். அங்கே ஆட்டம் வந்தால் பேரிங்கை மாற்றுவதே வழி. மேலும் கீழுமாக மட்டும் ஆடினால் திருகுதண்டில் உள்ள பித்தளை நட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

11. மவுண்டைக் கழற்றி மாட்டினால் செங்குத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க வழியே இல்லை. காலெட்டில் ஒரு வளைத்த கம்பியைப் பூட்டி, அதன் நுனியில் டயலைக் கட்டி, படுக்கையின் மேல் கையால் ஒரு வட்டம் சுற்றுங்கள். 75 மி.மீ. கை என்றால் 150 மி.மீ. வட்டம். இடமும் வலமும் வித்தியாசம் இருந்தால் மவுண்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். முன்னும் பின்னும் வித்தியாசம் இருந்தால் மவுண்டுக்கும் தட்டுக்கும் நடுவே, மேலேயோ கீழேயோ, கேன் தகடு வையுங்கள். 150 மி.மீ.யில் 0.05க்குள் வந்தால் மரவேலைக்குத் தாராளம். டயல் இல்லாதவர்கள் கம்பி நுனிக்கும் படுக்கைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கலாம். நேரமாகும், ஆனால் தவறாது.

12. கடைசியில் ஒரு வட்டம் வெட்டிப் பாருங்கள்.

எம்டிஎஃப் துண்டில் 50 மி.மீ. வட்டம், ஒவ்வொரு சுற்றுக்கும் அரை மி.மீ. ஆழம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய வட்டத்தை நான்கு திசையில் வெர்னியரில் அளந்து பாருங்கள். எக்ஸ் பக்கம் ஒரு அளவும் ஒய் பக்கம் ஒரு அளவும் வந்தால் ஆட்டம் இன்னும் எங்கோ இருக்கிறது. நான்காவது எண்ணுக்குத் திரும்புங்கள். அளவு சரியாக வந்தால், ஒவ்வொரு போல்ட் தலையில் இருந்தும் பக்கத்து உலோகத்துக்கு மார்க்கரால் ஒரே கோடு இழுத்து வையுங்கள். ஸ்பிண்டில் உடலில் இருந்து கிளாம்ப்புக்கும் ஒரு கோடு. தளர்ந்தாலும் வழுக்கினாலும் கோடு முறிந்து தெரியும், டயல் எடுக்கவே வேண்டாம். $1 அமைப்பைப் பழைய எண்ணுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பட்டறையில் எல்லா மெஷினையும் பிரித்துத் துடைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் சந்தனம் வைப்போம். உங்கள் சின்ன மெஷினுக்கு வருடத்தில் ஒருநாள் போதாது. வாரம் ஒருமுறை, வேலை தொடங்கும் முன், ஸ்பிண்டில் ஒயரைக் கழற்றிவிட்டு அந்தக் கோடுகளைப் பாருங்கள், மூக்கைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆட்டம் தெரிந்தால், சாவியை எடுக்கும் முன் விரலை இணைப்பின் மேல் வையுங்கள்.